நூத்தி இருபது வரணும்

அந்த போர்டைப் பாத்தா எழுதிக்கிறீங்க? எழுதிக்குங்க தம்பி, தாராளமா எழுதிக்குங்க. வயசு ஒரு பக்கம், இதயத் துடிப்பு ஒரு பக்கம், கலர் கலராக் கட்டம் போட்டு மாட்டி வச்சிருக்காங்க. உங்க அப்பாவுக்கு என்ன வயசு? அறுபத்தேழா? இருநூத்தி இருபதுல அறுபத்தேழு போனா நூத்தி அம்பத்து மூணு. அதுல பாதிக்குக் குறையக் கூடாது, எண்பத்தஞ்சு பர்சன்ட்டுக்கு மேல போகக் கூடாது. எழுபத்தேழுலேருந்து நூத்தி முப்பது. பாத்தீங்களா, போர்டைத் திரும்பிப் பாக்காமயே சொல்லிட்டேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சரி, இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். உங்க அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடறார்? பேரு சொல்லுங்க பாப்போம்.

வெள்ளையா ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணுன்னா எப்படிங்க? பேரு.

தெரியாதுல்ல? கோவிச்சுக்காதீங்க. குத்திக் காட்டறதுக்குக் கேக்கலை. இதே கேள்வியை ஒரு டாக்டர் என்கிட்ட கேட்டார். நான் பேந்தப் பேந்த முழிச்சேன். அதை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது. உக்காருங்க, உக்காருங்க. முதல் நாள்னா அப்பாவுக்கு ஈசிஜி ஒட்டி, பிரஷர் பாத்து, அப்புறம்தான் நடக்கற மெஷின்ல ஏத்துவாங்க. உங்களைக் கூப்பிட அரை மணி ஆகும். எனக்கு இது எட்டாவது வாரம். எனக்கில்ல, என் சம்சாரத்துக்கு. அம்சவேணி. உள்ளதான் நடந்துக்கிட்டிருக்கா.

நான் பூபாலன். மின்வாரியத்துல முப்பத்தோரு வருஷம். மீட்டர் டெஸ்டிங் பிரிவு. நாலு வருஷமாச்சு ரிடையராகி. மீட்டர்னா எனக்கு உசுரு தம்பி. மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது. எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு வீட்டு ரீடிங் திடீர்னு குறைஞ்சா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, வீடு பூட்டிக் கிடக்கணும். இல்ல, எவனோ கை வச்சிருக்கணும். மூணாவது காரணமே கிடையாது. முப்பத்தோரு வருஷம் இதைத்தான் பாத்தேன், இதைத்தான் என் கீழ இருந்தவங்களுக்கும் சொல்லிக் குடுத்தேன். இப்ப தலையில அடிச்சுக்கறேன், அது வேற விஷயம்.

எங்க பொண்ணு இளவரசி பூனாவுல இருக்கா. போன தீபாவளிக்கு ரெண்டு வாட்ச் வாங்கி அனுப்பிச்சா. நாடித்துடிப்பு காட்டுது, நடந்த தூரம் காட்டுது, அந்த மாதிரி வாட்ச். எனக்குக் கறுப்பு, அவ அம்மாவுக்கு ஊதா. யோசிச்சுப் பாத்தா அவ அனுப்பாம இருந்திருந்தா ஒரு வம்பும் இல்ல. சேச்சே, பிள்ளையச் சொல்லக் கூடாது. அது ஆசையா அனுப்பிச்சது.

உறையூர்ப் பக்கம் எங்க பார்க்குல காலையில ஒரு செட்டு நடப்போம். பன்னெண்டு பேர். ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. சகாயம் சார்னு ஒருத்தர், காலேஜ்ல சூப்பரின்டென்டா இருந்தவர், அறுபத்தெட்டு வயசு, குதிரை மாதிரி நடப்பார். நான்தான் எல்லாருக்கும் கணக்குப் போட்டுக் குடுத்தேன். உங்களுக்கு இத்தனை, உங்களுக்கு இத்தனைன்னு சீட்டுல எழுதி. சும்மா கையை வீசிக்கிட்டு நடந்தா அது நடையில்ல சார், இதயம் ஓடணும், அது ஓடுதான்னு மீட்டர் சொல்லணும்னு பேசுவேன். எல்லாரும் என்னை டாக்டர்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. விளையாட்டுக்குத்தான். ஆனா எனக்கு உள்ளூரக் குளுகுளுன்னு இருந்துச்சு. இருந்துச்சு தம்பி, இல்லேன்னு சொல்லலை.

அம்சவேணி அதுக்கு முன்னாடி வாக்கிங் வந்தவ இல்ல. நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். அம்பத்தேழு வயசு. இருநூத்தி இருபதுல அம்பத்தேழு போனா நூத்தி அறுபத்து மூணு. அவளுக்கு நூத்தி இருபது வரணும்னு முடிவு பண்ணினேன். போர்டுப்படி எண்பத்திரண்டு வந்தாலே போதும். ஆனா நம்ம வீட்டு ஆளு பாருங்க, பாஸ் மார்க் வாங்கினா எப்படி? ஊருக்கே கணக்குச் சொல்றவன் பொண்டாட்டி.

வரலை. முத நாள் தொண்ணூத்தி நாலு. மறுநாள் தொண்ணூத்தாறு. வேகமா நட, வேகமா நடன்னு விரட்டறேன், அவளும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, சேலைக்குக் கீழ கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கிட்டு ஓட்டமும் நடையுமா வர்றா. வேர்த்துக் கொட்டுது. மூச்சு வாங்குது. வாட்சைப் பாத்தா தொண்ணூத்தெட்டு. நூறைத் தாண்ட மாட்டேங்குது. நான் என் வாட்சைக் கழட்டி அவ கையில கட்டிப் பாத்தேன். அவ வாட்சை என் கையில கட்டிப் பாத்தேன். மீட்டர் ரெண்டும் கரெக்ட். அப்ப என்ன அர்த்தம்? சொன்னேன்ல, ரெண்டே காரணம். வீடு பூட்டிக் கிடக்கலை. அப்ப எவனோ கை வைக்கறான்.

இவ ஏமாத்தறான்னு முடிவு பண்ணிட்டேன். எப்படி ஏமாத்த முடியும்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது. மூச்சை அடக்கறாளோ, நான் பாக்காதப்ப நின்னுடறாளோன்னு பின்னாலேயே நடந்தேன். ஒரு நாள் எல்லார் முன்னாடியும் அவ கையைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டி, "பாருங்க சார், சகாயம் சாருக்கு அறுபத்தெட்டு, அவர் நூத்தி இருபத்தஞ்சு தொடறார். இவ தொண்ணூத்தாறு. சோறு திங்கறாளா என்னன்னே தெரியலை"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அவ சிரிச்சா அப்ப, அதனாலதான் நான் அதைப் பெரிசா எடுத்துக்கலை. நல்லதுக்குத்தானே சொல்றோம்.

அதோட விட்டேனா? வீட்டுக்கு வந்ததும் ஒரு டைரி போட்டேன். தேதி, ரவுண்டு, துடிப்பு. பக்கத்துல ரிமார்க்ஸ். "முயற்சி போதாது." "கவனக்குறைவு." நான் எழுதறதை அவ காபி கொண்டாந்து வைக்கறப்ப பாப்பா. பாத்துட்டு அடுப்படிக்குப் போயிடுவா. அவளுக்கு மாத்திரை ஒண்ணு ஓடுதுன்னு என்கிட்ட யாருமே சொல்லலை தம்பி. டாக்டர் சொன்னாரா? மருந்துக் கடைக்காரன் சொன்னானா? இவளாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

நாப்பது நாள் போச்சு. ஒரு வியாழக்கிழமை. ரெண்டாவது ரவுண்டுலயே அவ வாட்ச் நூத்தி இருபத்திரண்டு காட்டுது! எனக்குக் கை கால் ஓடலை. "அம்சா, வந்துடுச்சு, வந்துடுச்சு!"ன்னு கத்திட்டேன். சகாயம் சார் ஓடி வந்து பாக்கறார். எல்லாரும் கை தட்டினாங்க. அவ வாட்சை போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். பார்க் வாசல்ல முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு விக்கிற அம்மாகிட்ட அவளுக்கு ஒரு கப்பு வாங்கிக் குடுத்தேன். அவ ரெண்டு கையாலயும் கப்பைப் பிடிச்சுக்கிட்டு, "இப்ப சந்தோஷந்தானே?"ன்னா. "இத்தனை நாளா இதைச் செய்யறதுக்கு என்னவாம்?"னு நான் கேட்டேன். சூப்பை ஊதி ஊதிக் குடிச்சா.

வெள்ளிக்கிழமை நூத்தி முப்பத்தி நாலு. டைரில "மிக நன்று"ன்னு எழுதினேன்.

சனிக்கிழமை மூணாவது ரவுண்டு. சறுக்கு மரத்துக்கிட்ட வர்றோம். "ஏங்க, நெஞ்சை என்னமோ பண்ணுதுங்க"ன்னா. தம்பி, இதை நான் என் பொண்ணுகிட்டகூடச் சொன்னதில்ல. யாருன்னே தெரியாத உங்ககிட்டச் சொல்றேன். பொண்டாட்டி நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றா. நான் அவ மூஞ்சியைப் பாக்கலை. கையைப் புடிச்சு வாட்சைப் பாத்தேன். நூத்தி அம்பத்தொண்ணு. "எண்பத்தஞ்சு பர்சன்ட் தாண்டிடுச்சு, கொஞ்சம் ஸ்லோ பண்ணு"ன்னு சொல்லிட்டு நான் முன்னாடி நடந்தேன். பத்தடி நடந்திருப்பேன். திரும்பிப் பாத்தா அவ சறுக்கு மரத்தடி மண்ணுல உக்காந்திருக்கா. மூஞ்சியெல்லாம் சாம்பல் பூத்தாப்ல. சகாயம் சார்தான் ஆட்டோ பிடிச்சார். நான் ஒண்ணும் செய்யலை. மரம் மாதிரி நின்னேன்.

எமர்ஜென்சியில டாக்டர் சின்ன வயசுக்காரர். வேற ஏதாவது தொந்தரவு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேட்டார். நான் போனை எடுத்தேன். டைரியை போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அதைக் காட்டினேன். "நாப்பத்திரண்டு நாள் ரீடிங் இருக்கு சார்"ன்னேன். பெருமையா வேற சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் அதைப் பாத்தார். "இது இருக்கட்டும் சார். என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"ன்னார். தெரியலை. "எவ்வளவு நாளா?" தெரியலை. "பிரஷரா, படபடப்பா, எதுக்காகச் சாப்பிடறாங்க?" தெரியலை சார். பக்கத்துல நின்ன நர்ஸ் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துச்சு. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

ஆட்டோல வீட்டுக்குப் போய்த் தேடினேன். என் வீடுதான் தம்பி, இருபத்தாறு வருஷமா இருக்கற வீடு. அடுப்படியில எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை. ஒவ்வொரு டப்பாவா இறக்கி, கடலைப்பருப்பைக் கொட்டி, கசகசாவைக் கொட்டி, கடைசியில மேல் தட்டுல ஒரு பழைய ஊறுகா பாட்டிலுக்குள்ள இருந்துச்சு. மருந்துச் சீட்டையும் மடிச்சு அதுலயே வச்சிருந்தா. எட்டு வருஷத்துக்கு முந்தின தேதி. எட்டு வருஷமா மாசா மாசம் அவளே கடைக்குப் போய் வாங்கி, அவளே முழுங்கியிருக்கா.

சீட்டைப் பாத்ததும் டாக்டருக்குப் புரிஞ்சு போச்சு. இதயத்தை நிதானமா ஓட வைக்கற மாத்திரையாம் அது. ஆக்சிலேட்டருக்குக் கீழ கட்டை வச்ச மாதிரி. எவ்வளவு மிதிச்சாலும் ஓரளவுக்கு மேல போகாது. அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இந்த போர்டு, இந்த இருநூத்தி இருபது, எதுவும் பொருந்தாதாம். தொண்ணூத்தாறே அவளுக்கு அதிகமாம். "நல்லாத்தான் நடந்திருக்காங்க சார். கஷ்டப்பட்டுத்தான் நடந்திருக்காங்க"ன்னார். அப்புறம் என் போன்ல கடைசி ரீடிங்கைக் காட்டிச் சொன்னார், "இதைத் திடீர்னு நிறுத்தவே கூடாது. நிறுத்தினா கட்டையை ஒரேயடியா உருவின மாதிரி. யாரு நிறுத்தச் சொன்னாங்க?"

யாரும் சொல்லலை டாக்டர்னேன்.

யாரும் சொல்லலைதான். அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது, மருந்துக் கடையில இவ கேட்டிருக்கா, இந்த மாத்திரையால துடிப்பு ஏறாம இருக்குமான்னு. இருக்கும்மா, அதுக்குத்தானே இதுன்னு கடைப்பையன் சொல்லியிருக்கான். திங்கக்கிழமையிலேருந்து சாப்பிடறதை நிறுத்திட்டா. வியாழக்கிழமை நூத்தி இருபத்திரண்டு. நான் சூப்பு வாங்கிக் குடுத்தேன்.

கொஞ்ச முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்ல, இவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்னு. அது பொய் தம்பி. சொன்னா. முத வாரமே சொன்னா. செருப்பை மாட்டிக்கிட்டு நிக்கறேன், பின்னாலேருந்து, "எனக்கு மாத்திரையால ஏறலையோ என்னமோங்க"ன்னா. நான் திரும்பிக்கூடப் பாக்கலை. "மாத்திரை மேல பழியப் போடாத, சாக்குச் சொல்றதுக்கு உனக்குச் சொல்லியா தரணும்"னேன். என்ன மாத்திரைடின்னு கேட்டிருந்தா முடிஞ்சு போச்சு. ஒரு கேள்வி. முப்பத்தோரு வருஷம் ஊரான் வீட்டு மீட்டருக்கு நோட்டீஸ் விட்டு விளக்கம் கேட்டவன். வெக்கமா இருக்கு தம்பி. இதைச் சொல்றதுக்கே வெக்கமா இருக்கு. இத்தனை நாளா எல்லார்கிட்டயும், அவ சொல்லவே இல்லை, அவ சொல்லவே இல்லைன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். அதையும் அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. ஒரு நாளும், நான் சொன்னேனேன்னு என்னை மடக்கலை.

சின்ன அட்டாக்குதான்னாங்க. ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. ஐசியூவுல முத தடவை உள்ள விட்டப்ப என்ன பண்ணினேன் தெரியுமா? பழக்க தோஷம். அவ தலைக்கு மேல மானிட்டர் ஓடிக்கிட்டிருக்கு. உள்ள போனதும் என் கண்ணு அங்கதான் போச்சு. எழுபத்தெட்டு. அப்புறம்தான் அவளைப் பாத்தேன். அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. "எவ்வளவுங்க இருக்கு?"ன்னு கேட்டா. கிண்டலாக் கேக்கலை. நிஜமாவே கேட்டா, சரியா இருக்கான்னு. அந்த இடத்துல நான் செத்திருக்கணும். அன்னிக்கே டைரியக் கிழிச்சுப் போட்டேன், குரூப்புலேருந்து வெளிய வந்துட்டேன், வாட்ச் ரெண்டையும் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். இதெல்லாம் ஒரு பரிகாரமான்னா, இல்ல.

ஆறு வாரம் கழிச்சு இங்க நடைப் பயிற்சிக்கு அனுப்பினாங்க. வாரம் மூணு நாள். உள்ள ஒரு பொண்ணு இருக்குல்ல, பிசியோதெரபி, நஸ்ரின்னு பேரு. நல்ல பொண்ணு. முத நாள் நானும் கூட உள்ள போய் ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டேன். நஸ்ரின் சொல்லிச்சு, "அம்மா, உங்களுக்கு நம்பரெல்லாம் பாக்க வேண்டாம். மாத்திரை ஓடுதுல்ல, நம்பரை நம்ப முடியாது. நீங்க என்கூடப் பேசிக்கிட்டே நடங்க. ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்ல முடியணும், ஆனா பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் உங்களுக்கு அளவு. பேச்சு திக்கினா நான் ஸ்பீடைக் குறைச்சுடுவேன்." எனக்கு ஆச்சரியமாப் போச்சு. இவ்வளவுதானா? பேச்சுதானா மீட்டர்?

இவ பேசலை. "சாப்பிட்டீங்களாம்மா?" "ம்." "என்ன டிபன்?" "இட்லி." "எத்தனை பிள்ளைங்க?" "ஒண்ணு." பாவம், நஸ்ரின் என்ன பண்ணும்? மூச்சு வாங்குதுபோலன்னு ஸ்பீடைக் குறைச்சுது. இன்னும் குறைச்சுது. மெஷின் ஆமை மாதிரி ஊருது, இவ "ம், ம்"ங்கறா. அடுத்த தடவையும் அப்படித்தான். எனக்குத் திக்குன்னு இருந்துச்சு, என்னடா இது, இதயம் தேறவே இல்லையோன்னு. "நல்லாப் பேசேன் அம்சா, அவங்க கேக்கறாங்கல்ல, பேசு"ன்னு நான் வேற சொன்னேன்.

மூணாவது நாள் ஏதோ ரிப்போர்ட் ஜெராக்ஸ் வேணும்னாங்க. எடுக்கப் போயிட்டு வந்தேன். இந்த வராந்தாவுல வர்றப்பவே குரல் கேக்குது. யாரோ ஒரு பொம்பளை சளசளன்னு பேசிக்கிட்டிருக்கா. யாருடான்னு பாத்தா என் பொண்டாட்டி. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். குளித்தலை ஸ்கூல்ல படிக்கறப்ப இவ நானூறு மீட்டர் ஓடுவாளாம். மாவட்டப் போட்டிக்குப் போயிருக்காளாம். அம்மை போட்டிருந்த அக்காவுக்குத் தெரியாம அவ ரிப்பனைக் கட்டிக்கிட்டு ஓடி, கப்பை வாங்கி, அதுக்கு வீட்டுல அடி வாங்கின கதை. நஸ்ரின் விழுந்து விழுந்து சிரிக்குது. இவளும் சிரிக்கறா. முப்பத்து மூணு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன், எனக்கு இந்தக் கதை தெரியாது தம்பி. அவளைப் போய் வேகமா நடக்கத் தெரியலைன்னு நாப்பது நாள் திட்டியிருக்கேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கலை. பேசறாளே, மூச்சு நல்லா இருக்கேன்னு கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டேன். டக்குனு பேச்சு நின்னு போச்சு. பாதி வாக்கியத்துல. நஸ்ரின் பயந்து போய் ஸ்பீடைக் குறைச்சுது. "என்னம்மா, மூச்சு முட்டுதா?" "இல்லம்மா." அவ்வளவுதான். அப்புறம் "ம்"தான்.

முடிஞ்சதும் அந்தப் பொண்ணு என்னைத் தனியா இங்க கூட்டிட்டு வந்து, தரையைப் பாத்துக்கிட்டே சொல்லிச்சு. "தப்பா நினைச்சுக்காதீங்க அங்கிள். அம்மா பேசினாத்தான் எனக்கு அவங்க இதயம் எப்படி இருக்குன்னு தெரியும். நீங்க இருந்தா அவங்க பேச மாட்டேங்கறாங்க. நீங்க வெளியவே இருந்துக்குங்களேன்." என் பொண்ணை விடச் சின்னப் பொண்ணு. அதுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும், ஒரு புருஷன்காரன்கிட்ட இதைச் சொல்றதுக்கு. சரிம்மான்னேன்.

அன்னிலேருந்து இந்தச் சேர்தான். இங்க உக்காந்தா உள்ள பேசறது கேக்கும். என்ன பேசறான்னு முழுசாப் புரியாது, குரல் வரும். இந்தா, இப்ப கேக்குது பாருங்க. நல்லா நடக்கறா இன்னிக்கு.

ஏங்க, உங்களைத்தான் கூப்பிடறாங்க. போங்க, அப்பா பக்கத்துல நில்லுங்க. போறப்ப கதவை முழுசாச் சாத்திராதீங்க, கொஞ்சம் திறந்தாப்ல விட்டு வைங்க. ஜன்னலோர மெஷின்ல பச்சைச் சேலை, அதான் அம்சா. வெளிய யாரு உக்காந்திருக்காங்கன்னு உங்களைக் கேட்டாலும் கேப்பா. யாருமில்லம்மா, அவர் டீ குடிக்கப் போயிட்டார்னு சொல்லிடுங்க.